பஸ் ஸ்டாண்டுக்கு நான் போடாத கையெழுத்து

1

இன்று காலை எங்கள் நகரத்தில் காற்றுக்கு மூடி விழுந்துவிட்டது. பெர்கன் என்ற இந்த ஊர் நார்வேயின் மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் மழை. மழை பெய்கிறவரை காற்றுக்குக் குறை இல்லை. தை மாதத்தில் எப்போதாவது மழை நின்று வானம் பளிச்சென்று நீலமாகும். அப்போது குளிர்ந்த காற்று கீழே உட்கார்ந்துகொள்ளும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று சோற்றுப் பானைத் தட்டு மாதிரி மூடிக்கொள்ளும். வண்டிப் புகையும் தார்ச்சாலைத் தூசியும் மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தங்கிவிடும். படம் எடுப்பதற்கு இதைவிட அழகான நாள் கிடையாது, மூச்சு விடுவதற்கு இதைவிட மோசமான நாளும் கிடையாது. காரை எடுக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள் என்று எல்லோருடைய போனுக்கும் செய்தி வரும்.

அந்தச் செய்தி வந்ததும் ஓட ஆரம்பிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. டவுன் பஸ்களுக்கு வழித்தடமும் நேரமும் போடும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தத் தடத்தில் பஸ்ஸைக் கூட்டுவது, எந்த நிறுத்தத்தில் கூட்டம் தேங்கும், எந்த இரண்டு தடங்களை ஒன்றாகக் கோர்த்தால் நடுத்தெருவில் பஸ் சும்மா நிற்காது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. என் பெயர் தமிழரசி. ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் "மாரிமுத்து" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது அப்பா பெயர். நம் ஊரில் இனிஷியலாக அடக்கமாக முன்னால் நிற்பவர், இங்கே குடும்பப் பெயராகப் பின்னால் போய்ப் பெரிய எழுத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா இருந்திருந்தால் மிகவும் ரசித்திருப்பார்.

போன வருடம் இதே மாதிரி மூடி விழுந்த ஒரு நாளில்தான் தம்பி இளங்கோ போன் செய்தான். நான் கூடுதல் பஸ்களுக்கு ஓட்டுநர் தேடிக்கொண்டிருந்தேன். அவன் குரலில் சந்தோஷம் வழிந்தது. நம் வயலுக்கு யோகம் வந்துவிட்டது என்றான். டவுனுக்குள் இருக்கும் பஸ் ஸ்டாண்டை பைபாஸ் ரோட்டுக்கு மாற்றப் போகிறார்கள், அதற்குப் பார்த்திருக்கும் இடத்தில் ரோட்டை ஒட்டிய முகப்பு நம்முடைய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். கட்டாயமாக எடுத்தால் கேஸ் கீஸ் என்று இழுக்கும் என்பதால் சம்மதத்தின் பேரில் வாங்குகிறார்கள். பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அவனும் போடத் தயார். பாக்கி என் கையெழுத்து ஒன்றுதான்.

"டவுன்ல புகை தாங்கலக்கா. அதனாலதான் வெளியில கொண்டாறாங்க. நீ பண்ற வேலையும் அதுதானே? சந்தோஷமா போட்டுடு" என்றான்.

அவனோடு சேர்ந்து சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. ஏனென்றால் நான் பண்ணுகிற வேலை அதற்கு நேர் எதிரானது.

2

எந்த டவுன் என்று சொல்லப் போவதில்லை. நீடாமங்கலத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் சொன்னால் அங்கே வேலையில் இருக்கும் பாதிப் பேர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், வம்பு.

அந்த ஆறு மா நிலத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா பண்ணையாளாக இருந்தவர். வயலில் சிவப்புக்கொடி, ஓட்டுப் போடுவது கழகத்துக்கு. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அவரைப் போன்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. பிறகு அந்த நிலத்தையே குத்தகைக்கு உழுதார். குத்தகைதாரர் என்று பதிவு செய்யப் போனவரை மிராசுதார் வெளியேற்றப் பார்த்தார். அறுப்பு நேரத்தில் வயல் வரப்பில் போலீஸ் நிற்கும். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். கேஸ் டவுனில் நடந்தது.

கேஸுக்கு மிராசுதார் அம்பாசிடர் காரில் போவார். அப்பா டவுன் பஸ்ஸில் போவார். தனியார் முதலாளியிடமிருந்து அரசாங்கம் எடுத்து நடத்திய பஸ் அது. முன்பிருந்த பஸ் மேலத்தெருவோடு திரும்பிவிடும், எங்கள் தெருவுக்குள் வராது. அரசாங்க பஸ் எங்கள் தெரு முனைக்கு வந்து திரும்பியது. அதில் ஏறி, மிராசுதாரின் கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து, அவருக்கு எதிரான கேஸுக்கே அப்பா போயிருக்கிறார். கணக்குப்பிள்ளை எழுந்து நின்றுகொண்டு வருவாராம். நல்ல கால் வலி இருந்திருக்கும் பாவம்.

கேஸ் நீண்டுகொண்டே போய், மிராசுதாரின் பிள்ளைகள் சென்னையில் தங்கிவிட்டபோது, அவர்களே ஆறு மாவை அப்பாவுக்கு விலைக்குக் கொடுத்தார்கள். பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் சட்டம் வந்ததே தவிர வழக்கம் போகவில்லை. அக்கா தங்கைகள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து, சிரித்த முகமாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு புடவை வாங்கிக்கொண்டு போவார்கள். போடாதவளுக்குத் தாய்வீட்டு வாசல் கொஞ்சம் குறுகிவிடும். அப்பா அதற்கு இடம் வைக்கவில்லை. பாதி எனக்கு, பாதி தம்பிக்கு என்று உயிலில் எழுதிப் பதிவு செய்தார். எங்களை உட்கார வைத்து ஒன்று சொன்னார்.

"எம் பொண்ணு ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டா வாங்கிக்கத்தான் போடணும். விட்டுக்குடுக்கப் போடக் கூடாது."

தம்பி அதை மதித்தான் என்று சொல்லியாக வேண்டும். அப்பா போன பிறகும் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட விடுதலைப் பத்திரம் என்று பேச்சு எடுத்ததில்லை. நிலத்தை அவனே பார்த்துக்கொண்டான், நான் எதுவும் கேட்டதில்லை, அவனும் எதுவும் சொன்னதில்லை. பாதி என் பெயரில் இருந்ததே தவிர அதில் என்ன விளைகிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

புகையையும் அந்த டவுனில்தான் முதலில் பார்த்தேன். பெண்கள் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். அங்கே எந்த பஸ்ஸும் இன்ஜினை அணைக்காது. அணைத்தால் திரும்ப எடுக்காது. பேட்டரி இறங்கியிருக்கும், செல்ஃப் வேலை செய்யாது. அதனால் டிரைவர் டீ குடிக்கப் போனாலும் வண்டி நடுங்கிக்கொண்டே நிற்கும். தப்பித் தவறி அணைந்துவிட்டால் "எறங்கித் தள்ளுங்கப்பா" என்று கண்டக்டர் சொல்வார். ஆண்கள் தள்ளுவார்கள், நாங்களும் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளியிருக்கிறோம். மார்கழிப் பனியில் அந்தப் புகை மேலேயே போகாது. வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாக இருக்கும். டவுனுக்குப் போய் வந்ததற்கு அதுதான் அடையாளம் என்று நாங்கள் பெருமையாகக்கூட நினைத்தோம்.

3

உண்மையைச் சொல்கிறேன், முதலில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். தம்பிக்கு வயது ஏறுகிறது. ஒரு வருடம் மேட்டூர்த் தண்ணீர் தாமதம், ஒரு வருடம் அறுக்கும் நேரத்தில் மழை, நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. நான் வடதுருவத்துக்குப் பக்கத்து வீடு போல இங்கே உட்கார்ந்துகொண்டு, அவனைச் சேற்றிலேயே நில் என்று எப்படிச் சொல்வது?

அதனால் என் சார்பில் தம்பியே கையெழுத்துப் போடும்படி பவர் பத்திரம் கொடுப்பதற்காக ஆஸ்லோவில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கு எழுதினேன். அங்கே போவதென்றால் ஒரு பகல் முழுக்க ரயிலில் மலை ஏறி இறங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சிக்கல். நிலப் பத்திரத்தில் நான் மா. தமிழரசி. நார்வே பாஸ்போர்ட்டில் தமிழரசி மாரிமுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த ஆதாரத்தை நம் ஊர் தாலுகா அலுவலகத்தில் கேட்டால், பாஸ்போர்ட்டில் இருப்பது நீங்கள்தான் என்பதற்குத் தூதரகத்தில் வாங்கி வாருங்கள் என்றார்கள். நான் நான்தான் என்று சொல்ல, நான் ஒருத்தி போதவில்லை.

என் மகள் நிலாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். வேலைக்குப் போன முதல் வருடமே மின்சாரக் கார் வாங்கிவிட்டாள், அதில் புகை இல்லை என்பதால் உலகத்துக்குத் தான் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டதாக அவளுக்கு எண்ணம். குளிர்காலத்தில் ஆணி பதித்த டயர் தார் ரோட்டைச் சுரண்டித் தூசி கிளப்புவதைச் சொன்னால், "அம்மா, நீ ஆபீஸை வீட்டுக்குக் கொண்டு வராதே" என்பாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எல்லோரையும் நீ என்பாள், அவள் மாமாவையும் சேர்த்து. நிலத்தைப் பற்றி அவள் கருத்து ஒரே வரிதான்.

"எனக்கு அங்கே ஒண்ணும் வேண்டாம்மா. மாமா கேக்கிறான்ல, குடுத்துடு."

அவள் அதைக் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்றது. அப்பா எனக்கென்று எழுதியது என்னோடு நின்றுவிடும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

என் மனத்தை மாற்றியது தம்பி மனைவி சுமதி. அவள் டவுனில் பெரிய கடைத்தெரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று அரசாங்கம் அறிவித்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். பஸ் காசுக்கே சம்பளம் போய்விடும் என்பதால் அதுவரை வீட்டில் இருந்தாள். ஸ்டாண்டு வெளியே போனால் உனக்கு வசதிதானே, வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிடுமே என்று வாட்ஸாப்பில் கேட்டேன். குரல் செய்தி வந்தது. தம்பி காதில் விழக் கூடாது என்று அடங்கிய குரலில் பேசியிருந்தாள்.

"வசதியா அண்ணி? இப்ப பஸ் ஸ்டாண்டுல எறங்கி ரோட்டத் தாண்டினா கடை. இனிமே பைபாஸ்ல எறங்கி, அங்கேருந்து ஷேர் ஆட்டோ புடிச்சு டவுனுக்குள்ள போவணும். பஸ் ஓசி, ஆட்டோ ஓசியா? நீங்க அவருகிட்ட சொல்லிடாதீங்க."

நான் இத்தனை வருடம் படித்து, வரைபடம் போட்டு, கூட்டம் கூட்டிப் பேசுகிற விஷயம் இதுதான். பஸ் புகை விடுவது உண்மை. ஆனால் அந்தப் புகை இன்ஜினிலிருந்து எவ்வளவு வருகிறதோ அவ்வளவு ஏற்பாட்டிலிருந்தும் வருகிறது. எங்கள் டவுனில் வடக்குப் பக்கத்துக் கிராமத்து பஸ் எல்லாம் ஸ்டாண்டோடு முடிந்துவிடும், தெற்குப் பக்கத்து பஸ் எல்லாம் அங்கேயே புறப்படும். வந்தது நிற்கும், போவது நிற்கும், எல்லாம் இன்ஜின் ஓட நிற்கும். ஒரே ஊருக்கு மூன்று பஸ் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும், பிறகு வெகுநேரம் ஒன்றுமே இருக்காது. தனியார் பஸ் கூட்டம் சேரும்வரை கடைத்தெருவில் ஊர்ந்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று அப்புறம் பறக்கும். காத்திருந்து சலித்தவர்கள் தவணையில் ஒரு மொபெட் வாங்குவார்கள். இதையெல்லாம் அப்படியே தூக்கி பைபாஸில் வைத்தால், ஊர்ந்த பஸ்ஸின் இடத்தில் நூறு ஆட்டோவும் மொபெட்டும் ஊரும். கடைத்தெருப் புகை போகாது, கைதான் மாறும்.

தூதரகத்தில் எப்படியோ பேசி வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்தேன். விடுப்புப் போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

4

மாசி மாதம், சம்பா அறுப்பு முடிந்த நேரம். கருத்துக் கேட்கும் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடக்க இருந்தது. அதற்கு முன்னால் தம்பியிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று வயலுக்கே போனேன். அவன் பைபாஸ் ஓரத்தில் எங்கே டீக்கடை, எங்கே பார்சல் ஆபீஸ் என்று காலால் கோடு போட்டுக் காட்டினான். வியாபாரம் அவனுக்கு வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று விளக்கவும் செய்தேன். வடக்கு பஸ்ஸையும் தெற்கு பஸ்ஸையும் கோர்த்து ஊருக்குள் நிற்காமல் ஓடவிடலாம், ஸ்டாண்டில் கூட்டம் தானாகக் குறையும் என்று கையில் கொண்டுபோன வரைபடத்தைக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை. முதல் தடவையாக என்னிடம் குரலை உயர்த்தினான்.

"நீ வருஷத்துக்கு ஒரு தடவ வந்து, வயலு பச்சையா இருக்குன்னு போட்டோ புடிச்சுட்டுப் போற. அந்தப் பச்சைக்குள்ள குனிஞ்சு நிக்கிறவன் நான்."

அவன் சொன்னது அவ்வளவும் சரி. வயல் அழியக் கூடாது என்றோ, அப்பா பாடுபட்ட மண் என்றோ நான் பேசவில்லை, பேசவும் மாட்டேன். வேறு யாராவது நல்ல காரணத்துக்குக் கேட்டால் நானே முதலில் கையெழுத்துப் போடுவேன் என்றேன். இந்தக் காரணம் பொய்க் காரணம், புகையைக் குறைப்பதாகச் சொல்லிக் கூட்டப்போகிற வேலை, என் தொழிலுக்கு நானே துரோகம் செய்ய முடியாது என்றேன்.

அப்படியானால் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடு, என் நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அவனுக்கே அது கசந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு பம்பு செட்டுப் பக்கம் நடந்தான்.

போட்டுக் கொடுத்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். தம்பி சந்தோஷப்படுவான், தாய்வீட்டு வாசல் அகலமாகத் திறந்திருக்கும், நான் மண்டபத்தில் போய் நிபுணர் மாதிரி நடுநிலையாக நாலு வார்த்தை பேசிவிட்டு விமானம் ஏறியிருக்கலாம். அந்த நாலு வார்த்தையை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். பாதி நிலம் என் பெயரில் இருந்தவரைதான் அந்தக் கூட்டத்தில் என் பேச்சுக்கு எடை. அப்பா எதற்காக எழுதி வைத்தாரோ தெரியாது, இதற்குப் பயன்படுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

5

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் மூன்று பேர்தான்: முன் வரிசையில் தம்பி, பெண்கள் பக்கம் சுமதி, மேடைக்குப் பக்கத்தில் அவளுடைய ஜவுளிக்கடை முதலாளி. மேடையில் ஓர் அதிகாரியும் பஸ் டெப்போ மேலாளரும் இருந்தார்கள்.

முதலாளிதான் முதலில் பேசினார். நியாயமாகவே பேசினார். காலையில் ஷோகேஸில் வைத்த வெள்ளை வேட்டி சாயங்காலம் பழுப்பாகிவிடுகிறது, வாடிக்கையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறுகிறார்கள், பஸ் ஸ்டாண்டு வெளியே போனால்தான் ஊர் உருப்படும் என்றார். பலத்த கைதட்டல். தம்பியும் தட்டினான்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நார்வேக் கூட்டங்களில் ஒருவருக்கு மூன்று நிமிடம்தான் தருவார்கள், முடிந்ததும் மணி அடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் நான் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டு நின்றேன். வணக்கத்துக்கே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் ஊரில் அதிகாரி குழம்பிப்போய், அவ்வளவுதானா என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. கொஞ்சம் நேரம் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று நானும் சிரித்துக்கொண்டே வரைபடத்தை விரித்தேன். பஸ் நிற்பதும் ஓடுவதும் எப்படிப் புகையாகிறது என்று நிதானமாக, இந்த முறை நம் ஊர்க் கணக்கில், சொன்னேன். டெப்போ மேலாளர் எழுந்து வந்து வரைபடத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒருவர், நிலத்தை விட மனசில்லாமல்தான் இந்தம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறார் என்றார். அதற்கும் கைதட்டல் விழுந்தது. நான் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"நிலத்துல பாதி என்னுதுதாங்க. பஸ் ஸ்டாண்டு வந்தா இந்த மண்டபத்துல என்னை விட லாபம் அடையறவங்க ரொம்ப இல்ல. அதை விட்டுட்டுத்தான் வேணாம்னு சொல்றேன். அப்பவும் நான் சொல்றது பொய்யின்னு நெனைச்சா, சொல்லுங்க, உக்காந்துக்கறேன்."

பின் வரிசைக்காரர்தான் உட்கார்ந்துகொண்டார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைச் சபையில் வைத்துத் தோற்கடித்த மாதிரி எனக்கு இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுக்க மாட்டேன்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சுமதி எழுந்தாள். முந்தின நாள் கூட்டத்தில் பேசச் சொல்லி நான் கேட்டபோது, முதலாளியும் புருஷனும் இருக்கிற இடத்தில் எப்படி அண்ணி என்று மறுத்தவள் அவள். மைக் வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, முதலாளியைப் பார்த்தே பேசினாள்.

"பஸ்ஸு வெளியில போனா நானும் வண்டி வாங்கணும் முதலாளி. நம்ம கடையில வேலை பாக்கற எல்லாரும் வாங்குவோம். அத்தனை வண்டியையும் உங்க ஷோகேசுக்கு எதுத்தாப்பலதான் நிறுத்துவோம். வேற எங்க நிறுத்துறது?"

முதலாளி வாய் விட்டுச் சிரித்துவிட்டார். இதை நான் யோசிக்கலையே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பெண்கள் பக்கமிருந்து ஒவ்வொருத்தியாக எழுந்து தன் ஊர், தன் பஸ், ஆட்டோவுக்கு ஆகப்போகும் செலவு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு முடிவு எதுவும் சொல்லவில்லை. நான் திரும்பி வந்த பிறகு செய்தி வந்தது. ஸ்டாண்டை மாற்றும் யோசனை தற்போதைக்கு நிறுத்தி வைப்பு. வடக்கில் ஒரு தடம், தெற்கில் ஒரு தடம் கோர்த்து ஓட்டிப் பார்க்க டெப்போ ஒத்துக்கொண்டது. ஸ்டாண்டில் நிற்கும்போது இன்ஜினை அணைக்க வேண்டும் என்று உத்தரவு. இப்போது வருகிற பஸ்களுக்கு செல்ஃப் நன்றாகவே எடுக்கிறது, பழைய பழக்கத்தில்தான் அணைக்காமல் இருந்திருக்கிறார்கள். புகை எவ்வளவு குறைந்தது என்று அளந்து சொல்ல அங்கே கருவி இல்லை. குறைந்திருக்கும். அதை நான் தைரியமாகச் சொல்வேன், என் வேலை அது.

6

ஆனால் தம்பி பேசவில்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவன் சொன்னது, "சாப்பிட்டுட்டுப் படு, காலையில கார் வந்துடும்" என்பது மட்டும்தான். மறுநாள் வண்டியில் பெட்டியைத் தூக்கி வைத்தான், முகம் பார்க்கவில்லை. சுமதியிடமும் அவன் சரியாகப் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். கோர்த்த பஸ்ஸில் இப்போது இன்னும் முன்னதாகவே போய்விடுகிறேன் அண்ணி என்று செய்தி அனுப்பினாள். குறுவை போடுவதாக அவர் பேச்சே எடுக்கவில்லை, நிலம் தரிசாகவே கிடக்கிறது என்றும் அதே செய்தியில் சொன்னாள்.

பங்குனி, சித்திரை, வைகாசி போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் வரும் நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் செய்தது சரி என்பதில் ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. சரியாக இருந்தும் தூக்கம் வராமல் போகும் என்பதை மட்டும் புதிதாகக் கற்றுக்கொண்டேன். நிலா ஒரு நாள் காரில் வந்து, நீயே கூப்பிடேன் என்றாள். கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. நிலாவும் கூப்பிட்டாள், அவளிடம் பேசினான், அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டானாம். கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டானாம்.

மேட்டூர் திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்த வாரம். இங்கே இரவிலும் வெளிச்சம் போகாத ஆனி மாதம். அலுவலகம் முடிந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். போன் அடித்தது. தம்பி.

எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை. நேற்று பேசிவிட்டு இன்று தொடர்வது போல ஆரம்பித்தான். கையெழுத்து விஷயமாகக் கூப்பிடவில்லை, அது முடிந்துபோன கதை, நாற்றங்காலுக்கு விதை வாங்கக் கடைக்கு வந்திருக்கிறேன் என்றான். பிறகு கேட்டான்.

"குறுவைக்கு எந்த ரகம் போடட்டும்?"

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் கேட்காத கேள்வி. எந்த ரகம் என்ன விளையும், எது தண்ணீர் தாங்கும், எதை வியாபாரி எடுப்பான், ஒன்றும் தெரியாது. அதெல்லாம் உனக்குத் தெரியாததா தம்பி, நீயே பார்த்துப் போடு என்றேன்.

"அதெல்லாம் இனிமே முடியாது. பாதி உன்னுதுன்னு நீதானே ஊரைக் கூட்டிச் சொன்ன. சொல்லு, எது போடட்டும்?"

அவன் குரலில் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. கோபம் மட்டும்தான் இருந்ததா என்றால், இல்லை. கடை வாசலில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது, அவன் காத்துக்கொண்டிருந்தான். நான் ஏற வேண்டிய பஸ் வந்து கதவைத் திறந்தது. ஓட்டுநர் என்னைத் தெரிந்தவர், வருகிறாயா என்பதுபோல் பார்த்தார். போங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, ஒவ்வொரு ரகமாக முதலிலிருந்து சொல்லு என்று தம்பியிடம் கேட்டேன்.